திருப்பி வாங்கிய சாட்சி

என் அருமை ஜோயலுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், பரவாயில்லை. நீ இரண்டாவது ஷிப்ட் முடித்து வந்து தூங்கும்போது நான் எழுந்து கேன்டீன் வேலைக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறேன். நான் திரும்பிப் பென்னலூரில் வந்து இறங்கும்போது நீ ஒரகடத்தில் உன் புதுக் கம்பெனிக்குப் போய்விடுகிறாய். ஒரு மாதமாக நாம் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான். ‘குழம்பைச் சுடவைத்துக்கொள்.’ ‘பந்தல்காரர் போன் பண்ணினார்.’ ‘கல்யாணச் சட்டையைத் தைக்கக் கொடுத்தாயா இல்லையா?’ இதையும் அந்த வரிசையில் கொஞ்சம் நீளமான ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய். “அம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. கல்யாணத்துக்கு மொத நாள் ஸ்தோத்திர ஜெபத்துல நீ மைக்கப் புடிக்காத.” நான் “சரி நைனா” என்று சொல்லிவிட்டு உனக்கு ரசம் ஊற்றினேன். பெற்றவள் எழுந்து நின்று, இந்தப் பிள்ளையை இதுவரைக்கும் நடத்தி வந்த ஆண்டவருக்கு நன்றி என்று நாலு வார்த்தை சொல்லி உட்காருவது நம் சபையில் வழக்கம். அதைக்கூட வேண்டாம் என்கிறானே என்று எனக்குக் கோபம் வரவில்லை. நீ ஏன் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான். பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது.

விஷயத்தைப் போதகரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “பேச வேணாம்னா எழுதுங்கம்மா. சபைப் பத்திரிகையில நன்றியைப் பத்தி எழுத ஆள் தேடிகினு இருக்கேன்” என்றார். பேசிப் பேசியே பழகின வாய், பேனாவைப் பிடித்ததும் திருதிருவென்று முழிக்கிறது. ஆனால் இந்த முறை, ஊர் படிப்பதற்கு முன்னால் நான் எழுதியது உன் கைக்கு வருகிறது. கூடவே ஒரு சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காத வரியை அடித்துவிடு. நீ அடித்தது போக மிச்சம்தான் அச்சுக்குப் போகும். மொத்தத்தையும் அடித்தாலும் சரி, மடித்துப் பீரோவில் வைத்துக்கொள்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் கதையை ஊருக்குச் சொன்னவள் நான். அந்தத் தப்பை இரண்டாம் தடவை செய்யமாட்டேன்.

சபையில் எனக்கு ‘ஸ்தோத்திர அம்மா’ என்று ஒரு பெயர் உண்டு என்பது உனக்குத் தெரியும். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள், எனக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை. பஸ் நேரத்துக்கு வந்தாலும் ஸ்தோத்திரம், தவறவிட்டு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனாலும் ஸ்தோத்திரம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்கிற நேரத்தில் போதகர் மைக்கை நீட்டும்போது, கை தூக்குகிற ஆட்களில் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கர்த்தர் செய்த நன்மையை நாலு பேர் கேட்கச் சொல்வது நல்ல காரியம்தான், இன்றைக்கும் அதை நம்புகிறேன். ஆனால் மைக் கைக்கு வந்ததும், ஜனங்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிற சுகம் ஒன்று இருக்கிறதே, அது என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நீ மூன்றாம் வகுப்பில் படுக்கையை நனைத்தது நின்றுபோனதற்குக்கூட நான் சாட்சி சொன்னவள். அன்றைக்கு நீ பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

உன் அப்பா போன அன்றைக்கும் அப்படித்தான். கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், நெஞ்சு வலி வந்ததும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருகி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டார். உள்ளே இருந்த பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கஷ்டப்படாமல் போனார், யாரையும் கஷ்டப்படுத்தாமல் போனார், ஸ்தோத்திரம். நீ எட்டாம் வகுப்பு. என் பக்கத்தில் வந்து நின்று, “அப்பா செத்துட்டாரும்மா. எதுக்கு ஸ்தோத்திரம் சொல்ற?” என்று கேட்டாய். “அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுடா” என்று உன் வாயைப் பொத்தினேன். அது கையால் பொத்தியது. ஆறேழு வருஷம் கழித்து ஸ்தோத்திரத்தாலேயே பொத்தினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். அப்பா போனபிறகு எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. நன்றி சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், ஆண்டவர் மிச்சம் இருப்பதையும் எடுத்துக்கொள்வாரோ என்கிற பயம். மிச்சம் என்றால் யார்? நீ ஒருத்தன்தான். அதனால் நான் முந்திக்கொண்டேன். கஷ்டம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஸ்தோத்திரம் சொல்லி அதை உட்காரவைத்து உபசாரம் பண்ணினேன். பார்ப்பவர்களுக்கு அது விசுவாசமாகத் தெரிந்தது. எனக்கும்கூட அப்படித்தான் தெரிந்தது. மேலதிகாரியைப் பார்த்ததும் காரணம் இல்லாமல் சிரிக்கிற வேலைக்காரன் மாதிரி நான் ஆண்டவர் முன்னால் நின்றிருக்கிறேன். அவரை அப்படிப்பட்ட ஆளாக நினைத்ததற்கு அவர்தான் என்னை மன்னிக்க வேண்டும், மன்னித்தும் இருப்பார்.

உனக்கு விபத்து நடந்த நாளைப் பற்றி நீ அறியாதது ஒன்றும் இல்லை. என் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் நீ கான்ட்ராக்டில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நான் கேன்டீனில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பிரஸ் மெஷின், வலது கை, ஆஸ்பத்திரி என்ற மூன்று வார்த்தைதான் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது உன் கை முழுக்க வெள்ளைத் துணி. ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். உன் கம்பெனியிலிருந்து ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார், ஆப்பிள் பையைக் கட்டிலின் மேல் வைத்தார், “பையன் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்மா” என்றார். நான் இரண்டு கையையும் கூப்பி அவருக்கு நன்றி சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மயக்க மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த சாட்சி ஞாயிற்றுக்கிழமை உன்னை வற்புறுத்தி அழைத்துப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் மைக்கை வாங்கினேன். முழுக் கையும் போக வேண்டியது, இரண்டு விரலோடு நிறுத்தினார் ஆண்டவர், பத்தில் எட்டை எனக்குத் திருப்பிக் கொடுத்தார் என்றேன். கம்பெனிக்காரர்கள் தங்கமானவர்கள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள் என்றும் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கு அழுகை முட்டியது, அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன். திரும்பிப் பார்த்தால் நீ உட்கார்ந்திருந்த இடம் காலி. வெளியே பைக் நிறுத்துகிற இடத்தில் நின்றிருந்தாய். வீட்டுக்கு வந்து வாசலில் பூட்டைத் திறக்கும்போது, “எட்டு கீதுன்னு நீ எண்ணிட்டம்மா. ரெண்டு இல்லன்னு நான் எண்ணிக்கவே இல்ல, அதுக்குள்ள” என்றாய். அந்த வார்த்தை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பையனுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று உனக்காக உபவாசம் இருந்தேன்.

அதன்பிறகு நீ சபைக்கு வருவதை நிறுத்தினாய். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, நீ சண்டையும் போடவில்லை. கட்டு பிரித்தபிறகு உன்னால் சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. வேறு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் நான்தான் போட்டுவிடுவேன். ஆறு வயதுக்குப் பிறகு முதல் தடவையாக உன் நெஞ்சுக்கு நேரே நின்று ஒவ்வொரு பட்டனாகப் போடுவேன். நீ விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். கழுத்துப் பட்டன் வந்ததும், “போதும்” என்பாய். அவ்வளவு பக்கத்தில் நின்றும் உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் ஸ்தோத்திரம்தான் வரும். அது உனக்கு வேண்டாம் என்பது மட்டும் தெரிந்தது.

கேன்டீனில் என்னோடு வேலை செய்கிற மல்லிகாவை உனக்குத் தெரியும். அவளுக்கு நம் சபையும் தெரியாது, சாட்சியும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஆனால் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வருபவள். ஒரு நாள் இரண்டு பேரும் முட்டைக்கோஸ் எடுக்கக் குளிர் அறைக்குள் போனோம். உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எட்டு விரல் இருக்கிறது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அக்கா, நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காத. புள்ளைக்கு வெரல் போச்சே, நீ அழுதியா?”

“எதுக்கு அழணும்? அவர் காப்பாத்திட்டாரே.”

“காப்பாத்துனாரு, சரி. போனது போச்சு இல்ல? நீ பெத்த வெரலுக்கா அது. அதுக்கு நீ அழலன்னா வேற யாரு அழுவாங்க?”

அப்படியே உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தேன். நீ பிறந்த அன்றைக்கு நர்ஸம்மா உன்னைக் கையில் கொடுத்ததும் நான் முதலில் உன் விரலைத்தான் பிடித்துப் பார்த்தேன். அது ஞாபகம் வந்தது. வந்ததும் அழுதேன். அப்பாவுக்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன், அவ்வளவு அழுகை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. ‘ஏன் ஆண்டவரே?’ என்று கேட்டேன். பின்னால் ஸ்தோத்திரம் சேர்க்காமல் நான் சொன்ன முதல் ஜெபம் அதுதான். இடி விழவில்லை. மிச்சத்தை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. மல்லிகா கதவருகில் நின்று, சூப்பர்வைசர் வந்தால் தடுக்கத் தயாராகக் காவல் காத்தாள். உண்மையாகச் சொல்கிறேன் ஜோயல், அவ்வளவு பக்கத்தில் ஆண்டவரை நான் அதற்கு முன்னால் உணர்ந்ததே இல்லை. சிரித்துச் சிரித்து நான்தான் அவரைத் தள்ளி நிறுத்தியிருந்தேன் போலிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் உன் எதிரில் உட்கார்ந்தேன். “நைனா, உன் வெரலுக்கு நான் அழவே இல்லடா. இன்னிக்குத்தான் அழுதேன். ரொம்பக் கஷ்டமா கீதுடா எனக்கு” என்றேன். நீ முதலில் என்னையே பார்த்தாய். பிறகு உன் தோள் குலுங்கியது. அந்த வலது கையை முதல் தடவையாக என் மடியில் வைத்தாய், நான் அந்தத் தழும்பைத் தடவினேன். அதன்பிறகுதான் நடந்ததைச் சொன்னாய். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சாரைக் கழற்றி வைத்திருந்தார்கள், அது இருந்தால் வேலை மெதுவாகிறதாம். நீ கேட்டபோது சூப்பர்வைசர், “ஷிப்ட் முடியறதுக்குள்ள பெட்டி ரொம்பணும், பேசிகினு நிக்காத” என்றானாம். “இதெல்லாம் ஏன்டா எங்கிட்ட அப்பவே சொல்லல?” என்று கேட்டேன். நீ கோபமே இல்லாமல் சொன்னாய். “எங்க சொல்றது? நீதான் எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்லி முடிச்சிட்டியே. அதுக்கப்புறம் நான் இன்னா சொன்னாலும் நன்றி கெட்டவன்னுதான் ஆவும்.”

இந்தக் கடிதத்தில் வேறு எதை அடித்தாலும் இந்த இடத்தை அடிக்காதே. பிள்ளை பெற்றவர்கள் நாலு பேராவது இதைப் படிக்கட்டும். அடுத்தவருடைய வலிக்கு நாம் முந்திக்கொண்டு நன்றி சொல்லிவிட்டால், அவர் வாய் அடைத்துப்போகிறது. அந்த நன்றியால் அந்தக் கம்பெனிக்காரருக்குத்தான் லாபம். ஆண்டவருக்கு அதில் ஒரு மகிமையும் இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய், தொழிற்சாலைகளைச் சோதிக்கிற அரசாங்க அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தோம். உன் கூட வேலை செய்த இன்னொரு பையனுடைய கையும் அதே மெஷினுக்குள் போய் வந்துகொண்டிருக்கிறது என்று நீ சொன்னபிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்புறம் அந்தச் சாட்சி. சொன்ன இடத்திலேயே அதைச் சரிசெய்யாமல் என்னால் சபைக்குள் காலை வைக்க முடியாது என்று தோன்றியது. இந்தத் தடவை உன்னிடம் கேட்டேன். “உன் இஷ்டம்” என்றாய். “நீயும் வாயேன்” என்றேன். “கொண்டாந்து வுடறேன், உள்ள வர மாட்டேன்” என்றாய். அதுவே எனக்குப் பெரிசு.

போதகர் மைக்கை நீட்டியதும் வழக்கம்போல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து, “கொஞ்ச மாசம் முன்னாடி இதே எடத்துல நின்னு என் மகனைப் பத்தி ஒரு சாட்சி சொன்னேன். அதைத் திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன்” என்றேன். போதகர் தொண்டையைக் கனைத்தார். சாட்சியைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எந்தச் சபையிலும் இல்லை, அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, பாவம். எனக்கும் தெரியவில்லை. இரண்டு விரல் போனது நல்ல காரியம் இல்லை, அது போயிருக்கவே கூடாது என்றேன். கம்பெனி செய்தது தப்பு, அதற்கு நான் நன்றி சொன்னது அதைவிடத் தப்பு என்றேன். உயிர்த்தெழுந்த பிறகும் ஆண்டவர் தம் கையில் இருந்த ஆணித் தழும்பை மறைக்கவில்லை, இதோ பார் என்று காட்டினார், நான் என்னவோ என் பிள்ளையின் தழும்பைத் துணி போட்டு மூடப் பார்த்தேன் என்றேன். மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபைக்கு வெளியே கட்டியிருக்கிற ஸ்பீக்கருக்கு நேர் கீழே பைக்கை நிறுத்தியிருந்தாய். “வழக்கமா இருபது நிமிஷம் பேசுவ. இன்னிக்கு மூணு நிமிஷத்துல முடிச்சிட்ட, உடம்பு சரியில்லயா?” என்று கேட்டாய். அத்தனை மாதம் கழித்து நீ என்னைக் கிண்டல் பண்ணினாய். பைக்கில் உன் பின்னால் உட்கார்ந்துகொண்டு உன் முதுகில் முகத்தை வைத்து நான் சிரித்ததும் அழுததும் உனக்குத் தெரிந்திருக்கும், சட்டை நனைந்திருக்குமே.

பட்டன் கதையையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இது துக்கக் கடிதமாகிவிடும். ஒரு காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே இருந்து “அம்மா!” என்று ஒரு கத்தல். கரண்டியோடு ஓடி வந்தேன். நீ கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாய், சட்டையில் எல்லாப் பட்டனும் போட்டிருக்கிறது, கழுத்துப் பட்டன் உட்பட. கட்டை விரலையும் மோதிர விரலையும் வைத்து எத்தனை நாளாகத் திருட்டுத்தனமாகப் பழகினாயோ. ஒரு பட்டன் ஓட்டை மாறிப் போட்டிருந்தாய், சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து, “சொல்லிடும்மா, பரவால்ல. வாய் துடிக்கிது பாரு” என்றாய். “நீ சொல்லு” என்றேன். நீ மெதுவாக, “ஸ்தோத்திரம்” என்றாய். அடுப்பில் தோசை தீய்ந்த வாசனை வந்தது. அந்தக் கருகின தோசையைப் பாதிப் பாதியாகத் தின்றோமே, அதைப் போல ஒரு திருவிருந்து எனக்கு வாய்த்ததில்லை. இப்படிச் சொல்வது தப்பாக இருந்தால் போதகரே அடித்துவிடட்டும்.

சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்தக் காலையைத்தான் காட்டுவேன். நான் வருஷக்கணக்காகச் சொன்ன ஸ்தோத்திரங்களில் இல்லாத சந்தோஷம் உன் ஒரே ஒரு ஸ்தோத்திரத்தில் இருந்தது. அது பயத்தில் வரவில்லை, யாருக்கும் காட்டுவதற்காகவும் வரவில்லை. போனதைப் போனது என்று தெரிந்துகொண்டு, கையில் இருப்பதை ஆசையாகப் பார்த்து வந்தது. அதன்பிறகு நானும் புதுசாகப் பழகுகிறேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், மனசில் ஏதாவது உறுத்தினால் முதலில் அதை ஆண்டவரிடம் போட்டு உடைத்துவிடுவேன். இடுப்பு வலி, மண்டபத்துக்காரர் படுத்துகிற பாடு, நீ இல்லாமல் இந்த வீடு எப்படி இருக்கப்போகிறது என்கிற கவலை, எல்லாம்தான். அதன்பிறகு, சுங்குவார்சத்திரம் வருவதற்குள், முந்தின நாளில் நான் கண்ணால் பார்த்த ஒரே ஒரு நல்லதை எடுத்துச் சொல்லி நன்றி சொல்வேன். மொத்தமாகச் சொல்லக் கூடாது, ஒன்றே ஒன்று. நேற்றைக்குக் கொத்துமல்லிக் கட்டைப் பிரித்ததும் வந்த வாசனை. அதற்கு முந்தின நாள், மல்லிகா எனக்காக எடுத்து வைத்திருந்த வடை. சென்சார் போட்டுவிட்டார்கள், கை கிட்டப் போனாலே அந்த மெஷின் இப்போது நின்றுவிடுகிறது என்று உன் பழைய கம்பெனி நண்பன் வந்து சொன்னானே, அதற்கு ஒரு வாரம் முழுக்க நன்றி சொன்னேன், ஒன்றே ஒன்று என்கிற சட்டத்தை மீறாமலே. பஸ்ஸை விட்டு இறங்கும்போது மனசு லேசாக இருக்கிறது. வேலை அதே வேலைதான், வெங்காயம் அதே வெங்காயம்தான். ஆனால் எனக்குப் பாட்டு வருகிறது, மல்லிகா காதைப் பொத்திக்கொள்கிறாள்.

மருமகளாக வரப்போகிற சுகந்தியை எனக்கு ஏன் பிடித்துப்போனது என்று நீ கேட்டதில்லை. வாலாஜாபாத்திலிருந்து அவள் வீட்டார் முதல் தடவை வந்தபோது, பெரியவர்கள் எல்லோரும் உன் கையைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி காபி குடித்தார்கள். அவள் மட்டும் நேராக, “குளிருக்கு வலிக்குமா?” என்று கேட்டாள். “வலிக்கும்” என்றாய். “எங்க லைன்ல ஏசி, எனக்கே வெரல் வெறைச்சிக்கும். நீங்க க்ளவுஸ் போட்டுக்குங்க” என்றாள். எனக்கு அங்கேயே மனசு குளிர்ந்துவிட்டது. அவள் செல்போன் கம்பெனி லைனில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். கால் கடுக்கிறது என்று வீட்டுக்கு வந்து சொன்னால், வேலை இருக்கிறதே என்று சந்தோஷப்படு என்று சொல்லிவிடாதே. உன் அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள், பழைய அம்மா. நீ முதலில் அந்தக் காலைப் பிடித்துவிடு. அவள் அழ வேண்டியிருந்தால் அழட்டும், நீயும் அழு, வீட்டில் ஒருத்தர் அழுதால் ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார். நன்றி அதுவாகவே வரும். வந்ததும் சேர்ந்து சொல்லுங்கள். அவளுக்காக நீ சொல்லாதே, உனக்காக அவள் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நேற்றுக் காலையில் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கப் போனேன். கேன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. யாருடா கேனுக்குத் தாலி கட்டியது என்று குனிந்து பார்த்தால் மூன்று முடிச்சு, ஒன்றுக்கொன்று இறுக்கமாக. பக்கத்தில் தரையில் அவிழ்த்துப் போட்ட கயிறுகள் ஏழெட்டுக் கிடந்தன. மூன்றாவது முடிச்சை அக்கா முறைக்கு உன் பெரியப்பா மகள் போடட்டும், உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நான் முடிவு பண்ணி வைத்திருந்தேன், உன்னிடம் கேட்காமலேதான். பழைய புத்தி எங்கே போகும்? அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தேன், நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. பெரியப்பா மகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கயிற்றை அவிழ்க்காமலே கேனைக் கவிழ்த்து வைத்தேன். நீ எழுந்து பார்த்து வெட்கப்படுவாயே என்றுதான் சீட்டில் ஒன்றும் எழுதவில்லை. இன்றைக்குக் காலை பஸ்ஸில் நான் நன்றி சொன்ன அந்த ஒரே ஒரு நல்லது எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் மைக்கைத் தொடமாட்டேன். இது சத்தியம். பின்வரிசையில் சுகந்தியின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நீ சொல்கிற நன்றிக்கு ஆமென் சொல்கிறேன். அது எனக்குப் போதும்.

உன்னை உனக்காக நேசிக்கக் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்ட

உன் அம்மா.

மேலே இருப்பதை நேற்று எழுதி, சிவப்புப் பேனாவோடு உன் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இன்றைக்குத் திரும்பி வந்து பார்த்தால், தாள்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கின்றன. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். படுக்கை நனைத்த கதையைக்கூட நீ அடிக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு இருந்தது. மைக்கைத் தொடமாட்டேன், இது சத்தியம் என்கிற வரிகளின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் உன் புதுக் கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறாய்: ‘பேசு. ரெண்டு நிமிஷம்தான்.’

நைனா, இந்த வயதில் முதல் தடவையாக, மைக்கில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்தோத்திரம்.